வயர் இழுக்கும் முன் ஒரு தாள்: வில்கமுவ வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வில்கமுவப் பிரதேசத்தில் கடையும் ஆலையும் நெற்களஞ்சியமும் நடத்தும் பெரியவர்களே, சகோதர சகோதரிகளே,



இன்னும் சில வாரங்களில் மகாபோக நெல் வரத் தொடங்கும். உரத்தையும் பூச்சிமருந்தையும் கடனுக்கு வாங்கிப் போனவர்கள் நெல் விற்ற காசோடு கணக்குத் தீர்க்க உங்கள் வாசலில் நிற்பார்கள். அது முடியுமுன்னே சித்திரைப் புத்தாண்டு வியாபாரம் வந்துவிடும். வருடத்தில் உங்கள் கணினிகள் ஒரு நாளும் நிற்கக்கூடாத மாதங்கள் இவை. அதே காலத்தில்தான், மார்ச்சிலும் ஏப்ரலிலும், பின்னேரமானால் இடியும் மின்னலுமாக வானம் இறங்கும். இரண்டும் ஒன்றாக வருமுன் உங்களிடம் சிலவற்றைக் கேட்டாக வேண்டும் என்றே இந்த மடலை எழுதுகிறேன்.

மாத்தளையிலிருந்து வந்து கடைகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் கணினி வலையமைப்பு போட்டுக் கொடுப்பது என் தொழில். ஹெட்டிபொலப் பக்கம் உங்களில் பலர் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், பெரும்பாலும் ஏதாவது நின்றுபோன பிறகு. வந்து பார்த்தால் பழுது ஒரு வயரில் இருக்கும், அல்லது ஒரு பெட்டியில் இருக்கும், அதைத் திருத்திவிடலாம். திருத்த முடியாமல் நிற்பது வேறொன்று. உங்கள் கடையில் எது எதோடு இணைந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதைப் போட்டவருக்கும் இப்போது ஞாபகமில்லை. ஒரு பிடி நெல்லைக் கையிலெடுத்து ஈரம் சொல்லும் நீங்கள், ஒரு போகத்தின் கடன் கணக்கு முழுவதையும் சுமக்கும் வலையமைப்பை மட்டும் யார் யாரோ வந்து தங்கள் இஷ்டத்துக்குக் கட்ட விட்டுவிட்டீர்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

அது எப்படி வளர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். இணையத்துக்காக முதலில் ஒரு ரவுட்டர் வந்தது. பிறகு பில் போட ஒரு கணினி. கமெரா விற்க வந்தவர் தன் பெட்டியை அதே ரவுட்டரில் சொருகிவிட்டுப் போனார். பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை என்று மருமகன் கண்டியிலிருந்து இன்னொரு ரவுட்டர் வாங்கிவந்தார். பிறகு கார்ட் மெஷின், கணக்காளர் கேட்ட இரண்டாவது கணினி, வீட்டுப் பிள்ளைகளின் போன்கள். வந்த ஒவ்வொருவரும் தன் வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். முழுவதையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. சில விற்பனையாளர்களைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும். நான்கு கணினி உள்ள கடைக்கு ஆளுயர அலுமாரியும் சேர்வரும் தலையில் கட்டியிருக்கிறார்கள். வேறு சிலர், களஞ்சியம் உட்பட முழு வளவுக்கும் வீட்டில் வைக்கும் ஒரு வைஃபை பெட்டியே போதும் என்று காசு வாங்கியிருக்கிறார்கள். இரண்டு பேச்சையும் மறுத்துக் கேட்க உங்கள் கையில் ஒரு திட்டம் இருக்கவில்லை.

வயலுக்குத் தண்ணீர் விடும் முன் வாய்க்கால் எங்கே ஓட வேண்டும், எந்த மதகு எந்தக் காணிக்கு, கடைசிக் காணிவரை தண்ணீர் போகுமா என்று தீர்மானித்த பிறகே மண்வெட்டியை எடுக்கிறோம். கணினி வலையமைப்புக்கும் அதே ஒழுங்குதான். முதலில் ஒரு தாள் எடுங்கள். அதில் பொருட்களை எழுத வேண்டாம், வேலைகளை எழுதுங்கள். முன் மேசையில் பில் போடுகிறோம். பின்னறையில் கணக்கு எழுதுகிறோம். களஞ்சியத்தில் நெல் நிறுத்து வரவு வைக்கிறோம். அந்த வரவு கணக்கு மேசையில் உடனே தெரிய வேண்டும். பில் போடும் பிள்ளைக்குக் கடன்காரரின் நிலுவை தெரியலாம், ஆனால் அதை மாற்ற முடியக்கூடாது. பிரிண்டர் ஒன்றுதான், மூன்று மேசைக்கும் பொது. இவ்வளவையும் எழுதினால், எங்கே கணினி வேண்டும், எங்கே வயர் போக வேண்டும், எதை யார் பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரியவரும். பிறகு கட்டிடத்தின் படத்தை வரைந்து, ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு வயர் முனை வையுங்கள். ஒன்று இன்றைக்கு, மற்றது நாளை வரப்போகும் தேவைக்கு. சுவரை இரண்டு முறை உடைப்பதைவிட இரண்டாவது வயரின் விலை குறைவு.

இப்படிப் படம் போட்டால் உங்களில் பெரும்பாலானோருக்குத் தேவைப்படுவது ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியது. இணையம் தருபவரின் ரவுட்டர் ஒன்று. வயர்களைச் சேர்க்க, எட்டோ பதினாறோ துளைகள் உள்ள சாதாரண கிகாபிட் சுவிட்ச் ஒன்று. போன்களுக்கும் மடிக்கணினிக்கும் கூரையடியில் ஒரு வைஃபை பெட்டி. பகிர்ந்த கோப்புகளை வைக்க, எப்போதும் இயங்கும் ஒரு நல்ல கணினி. நகராத எல்லாவற்றுக்கும் வயர், நகரும் பொருட்களுக்கு மட்டும் வைஃபை. ஐந்தாறு கணினி உள்ள கடைக்கு இதற்குமேல் விற்க வருபவரிடம், ஏன் வேண்டும் என்று அந்தத் தாளை நீட்டிக் கேளுங்கள்.

வைஃபையே எல்லாவற்றுக்கும் போதாதா என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். நெல் வியாபாரம் செய்யும் உங்களுக்கு அது ஏன் போதாது என்று சொல்கிறேன். களஞ்சியம் வெறுமையாக இருக்கும் மாதத்தில் வைஃபை பொருத்துகிறார்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு மூலை மூலையாக நடந்து காட்டுகிறார்கள். சிக்னல் நன்றாகவே இருக்கும். அறுவடை வந்ததும் மூட்டைகள் கூரை வரை ஏறும். நெல்லுக்குள் இருக்கும் ஈரம் வைஃபை அலையை உறிஞ்சும், தகரக் கூரையும் தகரக் கதவும் அதைத் திருப்பி அடிக்கும். மாதக்கணக்காக ஓடிய இணைப்பு, தராசுக்கு முன்னால் லொறிகள் வரிசையாக நிற்கும் அந்த வாரத்தில் அறுந்து அறுந்து வரும். ரவுட்டரைக் குற்றம் சொல்லி இன்னொன்று வாங்குவீர்கள். அதுவும் அப்படியே செய்யும். தராசு மேசைக்கு ஒரு வயர் போட்டால் களஞ்சியம் நிறைந்தாலும் வெறுமையானாலும் அதற்கு ஒன்றுதான்.

வயரைப் பற்றியும் கொஞ்சம் கறாராக இருங்கள். கேட் 5இ அல்லது கேட் 6 என்று உறையில் அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. உள்ளே முழுச் செம்புக் கம்பி இருக்க வேண்டும். சந்தையில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசிய வயரும் அதே நிறத்தில், அதே பெயரில் விற்கப்படுகிறது. ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் சுருளைத் திருப்பிக் கொடுங்கள். அந்த வயர் முதல் மாதம் வேலை செய்யும். பிறகு முனைகள் வளைந்து முறிந்து, எங்கே பழுது என்று தெரியாமல் உங்களை அலைக்கழிக்கும். ஒரே ஓட்டத்தில் வயர் 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. அது அந்தத் தொழில்நுட்பத்தின் விதி. மின் வயர் போகும் அதே குழாயில் இதைத் திணிக்கவும் கூடாது. எலி கடிக்காதபடி தனிக் குழாய் போடுங்கள். நெல் இருக்கும் இடத்தில் எலி இல்லாமலா?

கடைக்கும் களஞ்சியத்துக்கும் நடுவில் முற்றம் உள்ளவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை வாசிக்க வேண்டுகிறேன். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே செம்பு வயரை வெளியில் இழுத்துக் கட்டாதீர்கள். பக்கத்தில் எங்கேயாவது மின்னல் விழுந்தால் போதும், நேராக உங்கள் கூரையில் விழ வேண்டியதில்லை. அந்த நீண்ட வயரில் மின்னழுத்தம் எழும்பும். இரண்டு கட்டிடங்களின் நிலத்தொடுப்பும் வெவ்வேறாக இருந்தால் வித்தியாசம் முழுவதும் அந்த வயர் வழியாகவே பாயும். ஒரே அடியில் சுவிட்ச், இரண்டு பக்கத்துக் கணினிகள், கமெராப் பெட்டி எல்லாம் கருகும். இதற்கு வழி ஃபைபர் கேபிள். அதன் உள்ளே போவது ஒளி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உலோகம் சேராத ஃபைபரை வாங்கி, இரண்டு முனையிலும் மீடியா கன்வேர்ட்டர் என்ற சிறிய பெட்டியை வைத்தால் முற்றத்தைக் கடந்துவிடலாம். செலவு செம்பு வயரைவிட அதிகம்தான். ஒரு மின்னலில் போகும் பொருட்களின் விலையோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அத்தோடு, கட்டிடத்தின் நிலத்தொடுப்பு சரியா என்று தகுதியுள்ள மின் தொழிலாளி ஒருவரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இடி இறங்கும் பின்னேரத்தில் மின் பிளக்கை மட்டும் கழற்றுகிறீர்கள். வெளியிலிருந்து வரும் செம்பு வயரையும் கழற்றினால்தான் கழற்றியதாக அர்த்தம்.

மின்சாரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஞாயிறன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையில் முழு நாடும் நின்றது. இருந்தும் யூபிஎஸ் வாங்கும்போது கணினிக்கு மட்டும் வாங்குகிறீர்கள். கணினி உயிரோடு இருக்கும், சுவிட்சும் ரவுட்டரும் செத்துப் போகும். பில் போடும் மேசை கணக்கு மேசையைத் தேடித் தேடி உறைந்து நிற்கும். சுவிட்சும் ரவுட்டரும் மிகக் குறைந்த மின்சாரம் எடுப்பவை. சிறிய யூபிஎஸ் ஒன்றே அவற்றை நெடுநேரம் தாங்கும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் சொருகாதீர்கள். சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தில் யூபிஎஸ் விழுந்துவிடும். பற்றரி மூன்று வருடம் தாங்கினால் அதிகம், வாங்கிய திகதியை அதன் முதுகிலேயே எழுதி வையுங்கள்.

மின்சாரம் வந்து போனபின் ‘பிரிண்டர் காணவில்லை’ என்று எத்தனை பேர் எனக்குப் போன் எடுத்திருக்கிறீர்கள்! பெரும்பாலும் பிரிண்டர் பழுதாகியிருக்காது. வலையமைப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி உண்டு. அதை ரவுட்டர் கொடுக்கிறது. எல்லாம் அணைந்து திரும்ப எழும்பும்போது ரவுட்டர் வேறு முகவரியைக் கொடுத்துவிட்டால், கணினிகள் பழைய முகவரியிலேயே பிரிண்டரைத் தேடிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்ப்பது எளிது. ரவுட்டருக்கு 192.168.1.1, பிரிண்டருக்கு 192.168.1.10, கோப்புகள் உள்ள கணினிக்கு 192.168.1.20, கமெராப் பெட்டிக்கு 192.168.1.30 என்று நிரந்தர முகவரிகளை முதலிலேயே தாளில் எழுதி, அப்படியே ரவுட்டரில் பதிந்துவிட வேண்டும். மற்றக் கணினிகளும் போன்களும் 100க்கு மேல் எதையாவது எடுத்துக்கொள்ளட்டும். மருமகன் வாங்கிவந்த அந்த இரண்டாவது ரவுட்டரையும் இங்கேயே பேசிவிடுவோம். முகவரி கொடுக்கும் வேலையை நிறுத்தாமல் அதை இணைத்தால் ஒரே கடையில் இரண்டு பேர் முகவரி கொடுப்பார்கள். பாதிக் கணினிகள் ஒரு பக்கம், மீதி மறுபக்கம் என்று பிரிந்து, ஒன்றை ஒன்று காணாமல் போகும். இன்னொன்று, கூட்டிப் பெருக்கும்போது தரையில் கிடக்கும் வயர் முனையை நல்ல எண்ணத்தோடு யாரோ அதே சுவிட்சில் சொருகிவிடுவது. ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில் இருந்தால் தகவல் சுற்றிச் சுற்றி ஓடி முழு வலையமைப்பும் மூச்சடைத்துவிடும். ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் ஒரே இலக்கத்தை ஒட்டிவிட்டால் இந்தப் பழுதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

இணையத்தை நம்பி பில் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் வந்தபோது மாத்தளை, கண்டி, பதுளைப் பக்கங்களில் வீதிகளோடு மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வெளி இணைப்பு அறுந்தாலும் கடைக்குள் இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். பில்லும் கடன் கணக்கும் உங்கள் கட்டிடத்துக்குள் உள்ள கணினியில் இருந்தால் அது நடக்கும். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் இணையத்தில் வைத்திருக்கும் பில் மென்பொருள்களை விற்க வருகிறார்கள். நகரத்தில் அவை நல்லவையாக இருக்கலாம். இங்கே வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இணையம் இல்லாமல் ஒரு நாள் முழுவதும் இது பில் போடுமா? பதில் சுற்றி வளைத்து வந்தால் வாங்க வேண்டாம். இணையம் அவசியமாக உள்ளவர்கள் இரண்டு வழி வைத்திருங்கள். ஃபைபர் இணைப்பு ஒரு நிறுவனத்திடம் என்றால், சிம் போடும் ரவுட்டர் வேறு நிறுவனத்திடம் இருக்கட்டும்.

அடுத்தது கடவுச்சொல். ரவுட்டரோடும் கமெராப் பெட்டியோடும் தொழிற்சாலையிலிருந்து வரும் கடவுச்சொல் பெரும்பாலும் உலகம் முழுவதற்கும் தெரிந்தது. 2016 அக்டோபரில் மிராய் என்ற தீநிரல், அப்படி மாற்றாமல் விட்ட கமெராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பெருந்தொகையாகப் பிடித்து, அவற்றைக் கொண்டே அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்களை ஒரு நாள் முடக்கியது. வீட்டிலிருந்து போனில் கடையைப் பார்க்க உங்கள் கமெராப் பெட்டியை இணையத்துக்குத் திறந்து விட்டிருக்கிறார்கள். அதன் கடவுச்சொல் இன்றும் பழையதாக இருந்தால், பார்க்கிறவர் நீங்கள் மட்டும்தான் என்று எப்படி நம்புவது? வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பது நல்ல மனது. அதை விருந்தினர் இணைப்பாகத் தனியே பிரித்துக் கொடுங்கள், கணக்கு இருக்கும் வழியில் அவர்கள் வரக்கூடாது. உங்கள் கணினியில் இருப்பது உங்கள் சொத்து மட்டும் இல்லை. விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம், யாருக்கு எவ்வளவு கடன் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டமாகத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தை விடுங்கள், ஒருவர் தன் கடனை உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறார்.

இனி, எல்லாவற்றிலும் பெரியது. கணக்கின் நகல். 2017 மே 12 அன்று வன்னாக்ரை என்ற நிரல் ஏறக்குறைய 150 நாடுகளுக்குப் பரவியது. ஒரு கணினியில் ஏறியதும் அதே வலையமைப்பில் உள்ள மற்றக் கணினிகளுக்குத் தானே தாவி, கோப்புகளைப் பூட்டி, பணம் கேட்டது. தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் பொதுவாக முடிந்துவிட்டது. உங்கள் கடைகளில் இன்னும் பல கணினிகள் அதில்தான் ஓடுகின்றன. வெளிநாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். 2023 ஓகஸ்டில் நம் அரசாங்கத்தின் லங்கா கவர்மெண்ட் கிளவுட் என்ற இணையச் சேமிப்பு இதே மாதிரியான தாக்குதலுக்கு உள்ளாகி, அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை, அந்தக் காலத்துக்கு நகல் இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அரசாங்கத்துக்கே மூன்று மாதம் போனால், ஒரே கணினியில் ஒரே நகல் வைத்திருக்கும் உரக்கடைக்கு என்ன மிஞ்சும்?

ஆகவே நகல் மூன்று இருக்க வேண்டும். ஒன்று வேலை செய்யும் கணினியில். இரண்டாவது, கடை பூட்டும்போது வெளி ஹார்ட் டிஸ்க்கில். எடுத்து முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். சொருகியே வைத்திருந்தால் கோப்புகளைப் பூட்ட வரும் நிரல் அதையும் பூட்டும், மின்னலும் அதையும் எரிக்கும். மூன்றாவது கடைக்கு வெளியே, உங்கள் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. மாதம் ஒரு முறை அந்த நகலை வேறு கணினியில் திறந்து, தெரிந்த ஒருவரின் நிலுவை சரியாக வருகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நான் ஏற்கமாட்டேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மனதிலுள்ள பெரிய குறைக்கு வருகிறேன். உங்கள் ரவுட்டரின் கடவுச்சொல் என்ன என்று கேட்டால், ‘போட்ட தம்பியிடம் இருக்கிறது’ என்கிறீர்கள். அந்தத் தம்பி கட்டாருக்கோ கொரியாவுக்கோ போயிருப்பார். அல்லது போன் எடுக்கமாட்டார். கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் வேறு எங்கும் போகமாட்டார் என்று நினைக்கும் தொழிலாளிகளும் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது அநியாயம். நீங்கள் காசு கொடுத்துக் கட்டிய வலையமைப்பு உங்களுடையது. அதன் படம், முகவரிப் பட்டியல், கடவுச்சொற்கள், இணைய இணைப்பின் கணக்கு இலக்கம் எல்லாம் எழுத்தில் உங்கள் கைக்கு வரும்வரை மீதிக் காசைக் கொடுக்காதீர்கள். என்னிடமும் அப்படியே கேளுங்கள்.

நீங்கள் மாத்தளையிலோ கண்டியிலோ கடை வைத்திருந்தால் இதில் பாதியைக்கூட நான் வற்புறுத்தியிருக்கமாட்டேன். அங்கே பழுது வந்தால் பக்கத்துத் தெருவில் ஆள் உண்டு, பொருள் உண்டு. இங்கே நிலைமை வேறு. மாத்தளையிலிருந்தோ தம்புள்ளையிலிருந்தோ மகியங்கனையிலிருந்தோதான் ஒருவர் வர வேண்டும். வஸ்கமுவ வனத்தின் ஓரம் பொழுதுபட்டால் வீதி யானைக்கு. பின்னேரம் நான்கு மணிக்கு நின்றுபோன சுவிட்சுக்கு அன்றிரவு யாரும் வரமாட்டார்கள். வரச் சொல்லிக் கேட்பதும் நியாயமில்லை. உங்கள் வலையமைப்பு இங்கேயே உள்ளவர்களால் எழுப்பி நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

அது நடக்கும் காரியம்தான். வில்பத்து வனத்தின் ஓரத்தில், அனுராதபுர மாவட்டத்தில், மகாவிலச்சிய என்ற கிராமம் இருக்கிறது. உங்கள் ஊர் போலவே காடும் யானையும் வயலும். அங்கே நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் 1998 இல் ஹொரைசன் லங்கா என்ற பெயரில் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணினியும் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அந்தக் கிராமத்து வீடுகளைக் கம்பியில்லா வலையமைப்பு இணைத்தது. நாட்டின் முதல் மின்-கிராமம் என்று அதைச் சொன்னார்கள். அங்கே நடந்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது பெட்டிகளும் அன்டெனாக்களும் இல்லை, கிராமத்துப் பிள்ளைகளே அந்த வேலையைக் கற்றுக்கொண்டது. நம் பாடசாலைகளில் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தகவல் தொழில்நுட்பம் படித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். முகவரி என்றால் என்ன, சுவிட்ச் என்ன செய்கிறது என்று அவர்கள் புத்தகத்தில் படித்தாயிற்று. கையில் வயர் கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆகவே உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். முதலாவது, வரும் போயா தினத்தில் கடை பூட்டியிருக்கும்போது, கடையில் வேலை செய்யும் எல்லோரையும் உட்கார வைத்து அந்தத் தாளை வரையுங்கள். வேலைகள், மேசைகள், வயர்கள், முகவரிகள். வரைந்ததில் ஒரு பிரதியைச் சுவிட்சுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். கடவுச்சொற்களை வேறு தாளில் எழுதிப் பணப்பெட்டியில் பூட்டுங்கள். இரண்டாவது, மார்ச் பிறக்குமுன் மூன்று நகலும் எடுத்து, ஒன்றைத் திறந்து பாருங்கள். மூன்றாவது நீங்கள் தனியே செய்ய முடியாதது. கமக்காரர் அமைப்பு போல, மரணாதார சங்கம் போல, சேர்ந்து செய்ய வேண்டியது. வியாபாரிகள் எல்லோரும் பங்கு போட்டு ஒரு பொதுப் பெட்டி வாங்கி வையுங்கள். அதில் ஒரு சுவிட்ச், ஒரு ரவுட்டர், யூபிஎஸ் பற்றரி ஒன்று, முனை அடித்த வயர்கள் சில, முனை அடிக்கும் கருவியும் வயர் சோதிக்கும் கருவியும் இருக்கட்டும். யாருடைய கடையில் எது கருகினாலும் அதிலிருந்து எடுத்துப் போட்டு அன்றே ஓட்டலாம். பிறகு வாங்கித் திருப்பி வைக்கலாம். அந்தப் பெட்டியைப் பொறுப்பேற்க உங்கள் பிள்ளைகளில் நான்கைந்து பேரைத் தெரிவுசெய்யுங்கள். ஆணும் பெண்ணுமாக இருக்கட்டும். சிங்கள, தமிழ், முஸ்லிம் கடைகள் எல்லாம் இதில் சேர வேண்டும். இந்த மடலைப் பக்கத்துக் கடைக்காரருக்குச் சிங்களத்தில் சொல்லிக் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்கு வயர் முனை அடிக்கவும், முகவரி பதியவும், நகல் எடுக்கவும் நான் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்குக் கூலி வேண்டாம். இடமும் திகதியும் நீங்கள் தீர்மானியுங்கள். நெல் லொறிகள் வரத் தொடங்குமுன் ஒரு நாளாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
மாத்தளையிலிருந்து உங்கள் கடைகளுக்கு வயர் இழுக்க வரும் ஒருவன்